பள்ளி வாயிலிலே காவற்சாவடி!

வகுப்பிலே ஆசிரியை பெயர்களைப் படிக்கிறார். ஒரு பெயருக்கு விடை இல்லை. அடுத்த பெயருக்கும் இல்லை. காய்ச்சலா? இல்லை. திருவிழாவா? அதுவும் இல்லை. சட்டம் வந்தது, பிள்ளைகள் வரவில்லை!

அமெரிக்காவின் தென்பகுதியிலே, அலபாமா மாநிலத்திலே, 2011 அக்டோபரில் கண்ட காட்சி இது. அம்மாதம் 3-ஆம் நாள் மட்டும் பள்ளிக்கு வராத, ஸ்பானிய மொழி பேசும் குடும்பத்துப் பிள்ளைகள் 2,000-க்கும் மேல்.

அவ்வாண்டு ஜூன் 9-இல் ஆளுநர் ராபர்ட் பென்ட்லி ஒப்பமிட்ட குடியேற்றச் சட்டத்தின் விளைவு அது. ஆவணமற்றவரோடு செய்த ஒப்பந்தம் செல்லாது. அவருக்கு வீடு வாடகைக்கு விட்டால் குற்றம். வண்டியிலே ஏற்றிச் சென்றால் குற்றம் என்றெல்லாம் எழுதினர். அதிலும் மனம் நிறையவில்லை, பள்ளிக்கூடத்துக்கு வந்தனர். புதிதாகச் சேரும் பிள்ளை எங்கே பிறந்தது, பெற்றோர் முறைப்படி குடியேறியவரா என்று பள்ளியே விசாரிக்க வேண்டுமாம். தாள் காட்டாவிட்டால், பிள்ளை சட்டத்துக்குப் புறம்பாக இருப்பதாகவே கொள்ளப்படுமாம்!

"யாரையும் விரட்டவில்லையே, கணக்குத்தானே எடுக்கிறோம்" என்றனர் சட்டத்தை ஆதரித்தோர். உண்மை, விரட்டு என்று சட்டத்திலே சொல் இல்லை. ஏன் இல்லை? கருணையாலா? அன்று, தோழர்களே! எழுதியிருந்தால் வழக்குமன்றத்திலே ஒரு நாளும் நின்றிருக்காது.

டெக்சாஸ் மாநிலம் 1975-இல் அப்படி ஒரு சட்டம் செய்து பார்த்தது. அங்கே டைலர் நகரப் பள்ளி நிர்வாகம், ஆவணமற்ற பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. கூலிக்காரத் தகப்பன் எங்கே போவான்? வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1982-இல் ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். பெற்றோர் செயலுக்காகப் பிள்ளையைத் தண்டிப்பது நீதியன்று என்று தீர்ப்பு எழுதினார் பிரென்னன். ஆகவே அலபாமாவினர் கதவைச் சாத்தவில்லை, கதவருகே கேள்வி கேட்க ஆள் வைத்தனர். அஞ்சிய தாய் பிள்ளையைத் தானே வீட்டிலே நிறுத்திக்கொண்டாள்.

எல்லையைக் காக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளை, 1868-ஆம் ஆண்டு அரசியல் சட்டத் திருத்தத்தின்படி அந்நாட்டுக் குடிமகன். தகப்பனிடம் தாள் இல்லை என்பதற்காக அவனையும் அந்தக் கணக்கிலே சேர்த்தார்களே, எந்த எல்லையைக் காக்க?

தக்காளி பழுத்தபோது அந்தத் தகப்பனிடம் தாள் கேட்டவர் எத்தனை பேர்? சட்டம் வந்தபின் பறிக்க ஆளின்றிச் சாண்ட்லர் மலையிலே தக்காளி அழுகியது, உழவர்களே முறையிட்டனர். இன்னொரு வேடிக்கை: 2011 நவம்பரில், டஸ்கலூசாவிலே, மெர்சிடிஸ் நிறுவனத்தின் ஜெர்மானிய அதிகாரி ஒருவரே உரிய தாள் கையில் இல்லாது கைதானார். அவருக்கு ஆவணம் கொண்டுவந்து கொடுக்க ஆள் இருந்தது. சில மணி நேரத்திலே தீர்ந்தது.

பள்ளிப் பிரிவை மேல்முறையீட்டு மன்றம் 2011 அக்டோபரிலேயே நிறுத்தியது; 2012 ஆகஸ்டிலே செல்லாது என்றது. மன்றம் ஏறியோர் அஞ்சி ஒதுங்கியிருந்தால் அதுவும் நிலைத்திருக்கும். சாலையிலே நிறுத்தியவரிடம் காவலர் ஐயங்கொண்டு குடியுரிமை விசாரிக்கும் பிரிவு தப்பிப் பிழைத்தது.

முடிந்த கதை என்று எண்ணிவிடாதீர்கள். அலபாமாவுக்கு வடக்கே டென்னசி. 2025 ஏப்ரலிலே அம்மாநில மேலவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது: ஆவணமற்ற பிள்ளையிடம் பள்ளிகள் கட்டணம் கேட்கலாம், கட்டாவிட்டால் சேர்க்க மறுக்கலாம். டைலர் நகரத்தார் நீட்டிய அதே கட்டணச் சீட்டுத்தான், தோழர்களே!