மாத்திரை எட்டாத இடம்



பல்வலி என்றதும் நம்மில் பலர் முதலில் போய் நிற்பது மருந்துக்கடை வாசலில்தான். "ஆன்டிபயாடிக் இருந்தா நாலு மாத்திரை குடுங்க" என்று வாங்கி விழுங்குகிறோம். வீக்கம் வடிகிறது. சில வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடி சீழ் கட்டுகிறது. மாத்திரை மட்டம் என்று கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. விழுங்கிய மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் உடம்புக்குள் பயணம் செய்கிறது. பல்லின் நடுவே உள்ள கூழ் அழுகிச் செத்துவிட்டால் அதிலிருந்த இரத்தக் குழாய்களும் சேர்ந்தே செத்துப்போகின்றன. கிருமி உட்கார்ந்திருக்கும் வேர்க்குழாய்க்குள் மருந்து போக வழியே இல்லை.

பெரியவர்களுக்கு இதற்கு ரூட் கெனால் சிகிச்சை இருக்கிறது. குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்து அடைத்துவிடுவார்கள். என் கவலையெல்லாம் சின்னப் பிள்ளைகளைப் பற்றியது. மேல் முன்பல் ஏழு, எட்டு வயதில் முளைக்கிறது. ஆனால் அதன் வேர் முழுதாக வளர்ந்து முடிய இன்னும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். ஓடி விளையாடி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொள்வதும் பெரும்பாலும் இந்த வயதில்தான். அப்போது கூழ் செத்தால் வேர் வளர்ச்சி பாதியில் நின்றுவிடும். சுவர் மெலிந்திருக்கும், நுனி திறந்தே கிடக்கும். சுரண்டினால் சுவர் இன்னும் மெலியும்; அடைத்தால் அடைப்புப் பொருள் நுனி வழியே வெளியே தள்ளிக்கொண்டு போகும்.

1990களில் ஜப்பானின் நீகாட்டா பல்கலைக்கழகத்தில் ஹோஷினோ என்ற ஆய்வாளரின் குழுவினர், மருந்தை நேரே பல்லுக்குள் வைப்பதற்காக ஒரு கலவையைச் சோதித்தார்கள். சிப்ரோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல், மினோசைக்ளின் மூன்றையும் சேர்த்த பசை அது. ஆக்சிஜன் இல்லாத இருட்டில் வாழும் கிருமிகளை மெட்ரோனிடசோல் பார்த்துக்கொள்ளும், மற்றவற்றை மற்ற இரண்டும். 2001இல் ஜப்பானிலிருந்தும் 2004இல் அமெரிக்காவிலிருந்தும் வந்த அறிக்கைகள் பல் மருத்துவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தன. சீழ் பிடித்த இளம்பல்லுக்குள் ஆன்டிபயாடிக்கை வைத்துக் கிருமியை அடக்கியதும், நின்றுபோன வேர் மீண்டும் வளர்ந்திருந்தது! வேர் நுனியில் உயிரோடு மிஞ்சியிருக்கும், புதிய திசுவை உருவாக்கவல்ல ஸ்டெம் செல்களால் இது முடிகிறது என்று கருதுகிறார்கள்.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பசையில் மருந்து மிகவும் அதிகம்; ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 1000 மில்லிகிராம்வரை போகும். கிருமியைக் கொல்லும் அந்தச் செறிவு, வேரை வளர்க்க வேண்டிய செல்களையும் கொன்றுவிடுவதை ஆய்வகச் சோதனைகள் காட்டின. போதாக்குறைக்கு மினோசைக்ளின் பல்லைச் சாம்பல் நிறமாக்கிவிடும். முன்பல் என்றால் அந்தப் பிள்ளை எப்படி வாய்விட்டுச் சிரிக்கும்? அதனால் இப்போது மில்லிலிட்டருக்குச் சில மில்லிகிராம் போதும் என்கிறார்கள். ஆனால் அவ்வளவு நீர்த்த கலவையை ஒரே இடத்தில் நிறுத்திவைப்பது எளிதல்ல.

ஆகவே தேவை புதிய மருந்தைவிட, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் பொருள். அமெரிக்காவில் மார்கோ போட்டினோ என்ற ஆய்வாளரின் குழு பாலிடயாக்சனோன் என்ற பொருளில் இதைச் செய்துவருகிறது. அறுவை சிகிச்சையில் தானே கரையும் தையல் நூல் செய்யப் பயன்படும் பொருள்தான் அது. அதனுடன் ஆன்டிபயாடிக்கைக் கரைத்து, மின்னழுத்தத்தால் இழுத்து, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளாக நூற்கிறார்கள். அந்த இழைப் பின்னலை வேர்க்குழாய்க்குள் வைத்தால் மருந்து மெல்லக் கசியும், இழையும் காலப்போக்கில் கரைந்துபோகும். ஆய்வகத்தில் கிருமி அடங்குகிறது; செல்களுக்கு நேரும் சேதமும் பசையைவிடக் குறைவு. விலங்குகளிலும் சோதித்திருக்கிறார்கள். நம் பக்கத்துப் பல் மருத்துவரிடம் போய்க் கேட்டு வாங்கும் நிலைக்கு இது இன்னும் வரவில்லை.

மெல்லக் கசிவதிலும் ஓர் ஆபத்து உண்டு. மருந்து தேவைக்கும் குறைந்த அளவில் நெடுநாள் கசிந்துகொண்டே இருந்தால், சாகாத கிருமிகள் அதற்குப் பழகிவிடும். எப்போது கசியத் தொடங்க வேண்டும் என்பதைப் போலவே எப்போது நிற்க வேண்டும் என்பதும் முக்கியம். ஆராய்ச்சியின் கடினமான பகுதி இதுதான் என்பது என் எண்ணம்.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளையின் முன்பல் உடைந்தால், வலி இல்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். கூழ் சத்தமில்லாமல் சாகக்கூடும். அன்றே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகும் அவர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்து, வேர் வளர்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.