பிரிஸ்டல் நகரில் ஓர் உலா



ஓர் ஊரைக் காண்பதற்குப் பல வழிகள் உண்டு. வண்டியில் ஏறிச் சுற்றி வருவோர் உண்டு. படங்களைப் பார்த்தே மனநிறைவு அடைவோரும் உண்டு. ஆனால் ஊரை அறிய விரும்புவோர் அதை நடந்தே காணவேண்டும் என்பது என் துணிபு. வண்டி தன் விருப்பப்படி நம்மை இறக்கிவிடும். கால்களோ, மனத்தில் ஐயம் எழுந்த இடத்தில் நிற்கும். இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் உள்ள பிரிஸ்டல் என்னும் துறைமுக நகரை மூன்று நாள் நடந்தே காணும் வாய்ப்பு, பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர் எனக்குக் கிடைத்தது. அந்த உலாவிற்கு உங்களையும் அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

இந்தப் பயணத்திற்கு ஒரு பழைய கடனும் காரணமாகும். நான் பூகோளம் கற்பித்த நாட்களில், "பிரிஸ்டல்: துறைமுகம், கப்பல் கட்டுதல், சர்க்கரை, புகையிலை" என்று கரும்பலகையில் எழுதிப் போடுவது வழக்கம். ஒருநாள் கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, இங்கிலாந்தில் கரும்பு விளையாதே, சர்க்கரை எப்படி வந்தது?" என்று கேட்டாள். "மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கப்பலில் வந்தது, அம்மா" என்றேன். "அங்கே கரும்பை வெட்டியவர்கள் யார், ஐயா?" என்றாள். மணி அடிக்கும் நேரம். "அது பாடத்தில் இல்லை; எழுதியதைப் பார்த்து எழுது" என்று சொல்லி அவளை உட்கார வைத்துவிட்டேன். விடை எனக்குத் தெரியாமல் இல்லை. தேர்வுக்கு வராததைச் சொல்வானேன் என்று எண்ணினேன். அந்தப் பிழை நெடுநாள் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

முதல் நாள் காலையில் டெம்பிள் மீட்ஸ் இரயில் நிலையத்திலிருந்து நடக்கத் தொடங்கினேன். பிரிஸ்டல் என்னும் பெயருக்குப் பழைய ஆங்கிலத்தில் 'பாலம் உள்ள இடம்' என்பது பொருள். பெயரின் இறுதியில் 'ல்' என்னும் ஒலி முதலில் இல்லை. உயிரெழுத்தில் முடியும் சொற்களின் பின்னே லகர ஒலி ஒன்றைச் சேர்த்து உச்சரிப்பது அவ்வூர் மக்களின் பழைய பேச்சு வழக்கு. அந்த வழக்கே ஊரின் பெயரையும் மாற்றி நிலைபெற்றுவிட்டது என்பர். புலவர் வகுத்த இலக்கணத்தைக் காட்டிலும் மக்கள் நாவிற்கு வலிமை மிகுதி என்பதற்கு இதுவும் ஒரு சான்று அன்றோ!

சிறிது தொலைவில் புனித மேரி ரெட்கிளிஃப் ஆலயத்தின் கோபுரம் கூர்மையாக எழுந்து நிற்கிறது. அதைக் கடந்தால் துறைமுகம். நான் கடற்கரையை எதிர்பார்த்துச் சென்றேன். அங்கே கடல் இல்லை. ஏவன் என்னும் ஆற்றின் கரையில், கடல் முகத்திலிருந்து ஏழெட்டு மைல் உள்ளே தள்ளி அமைந்த ஊர் அது. அந்த ஆறு கலக்கும் செவர்ன் கழிமுகத்தில் கடல் ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் உள்ள வேறுபாடு உலகிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்று. அமாவாசை, பௌர்ணமி ஆகிய நாட்களை ஒட்டி நீர் ஏறத்தாழ 40 அடி ஏறி இறங்கும். நான்கு மாடி வீட்டின் உயரத்தை எண்ணிப் பாருங்கள்!

இதனால் விளைந்த இடர் என்ன? நீர் ஏறும்போது கப்பல்கள் எளிதாக ஊருக்குள் வந்துவிடும். நீர் வடிந்ததும் அவை சேற்றில் அமர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். உறுதியற்ற கப்பலின் பலகைகள் பிளந்துபோகும். கட்டி வைக்காத சரக்கு உருண்டு சிதறும். ஆகவே பிரிஸ்டலுக்குச் செல்லும் கப்பல்கள் உறுதியாகவும் ஒழுங்காகவும் இருத்தல் வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. இன்றும் ஆங்கிலேயர், ஒரு பொருள் செவ்வையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தால் அதைப் பிரிஸ்டல் முறையில் உள்ளது என்று பாராட்டுகின்றனர்.

வில்லியம் ஜெஸப் என்னும் பொறியியல் வல்லுநர் இந்த இடருக்கு 1804 முதல் 1809 வரை உழைத்து ஒரு தீர்வு கண்டார். ஆற்றின் பெருக்கு வேறு வழியாக ஓடும்படி புதிய கால்வாய் ஒன்றை வெட்டினார். பழைய ஆற்றுப் படுகையைக் கதவுகளால் அடைத்து, நீர் மட்டம் குறையாத நீண்ட ஏரி போலாக்கினார். அதில் கப்பல்கள் எந்நேரமும் மிதந்துகொண்டிருக்கும். அதனாலேயே அதற்கு 'மிதக்கும் துறைமுகம்' என்று பெயர். கப்பல்கள் பெரியனவாக வளர்ந்தபோது ஆற்றின் வளைவுகளில் அவற்றால் திரும்ப முடியவில்லை. வணிகம் ஆற்று முகத்தில் உள்ள ஏவன்மவுத்துக்குச் சென்றது. நகரத் துறைமுகம் 1975ஆம் ஆண்டில் சரக்குக் கப்பல்களுக்கு மூடப்பட்டது. இப்போது அங்கே சிறு படகுகளும் உணவு விடுதிகளும் காட்சிச்சாலைகளுமே உள்ளன. 1951ஆம் ஆண்டைச் சேர்ந்த நான்கு மின்சாரப் பாரந்தூக்கிகள் மட்டும் கரையில் நின்று பழைய நாட்களை நினைவூட்டுகின்றன.

கார்ன் தெருவில் உள்ள வணிகர் மன்றத்தின் முன்னே இடுப்பளவு உயரமுள்ள நான்கு வெண்கல மேடைகள் இருக்கின்றன. வணிகர்கள் அவற்றின்மேல் பணத்தை எண்ணி வைத்துப் பேரத்தை முடித்தனர். நாணயம் உருண்டு விழாதபடி மேடையின் விளிம்பு சற்று உயர்த்தப்பட்டுள்ளது. அண்ணாந்து பார்த்தால் அம்மன்றத்தின் கடிகாரத்தில் நிமிட முள் இரண்டு! ஒன்று இலண்டன் நேரத்தையும் மற்றொன்று பிரிஸ்டல் நேரத்தையும் காட்டுகின்றன. கணக்கில் விருப்பமுள்ள மாணவர்கள் கவனியுங்கள். பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகும். பிரிஸ்டல், கிரீன்விச்சுக்கு மேற்கே ஏறத்தாழ இரண்டரைப் பாகையில் உள்ளது. ஆகவே அங்கே நண்பகல் பத்து நிமிடம் பிந்தி வரும். இரயில் வரும்வரை அதனால் தொல்லை இல்லை. 1841இல் இலண்டனிலிருந்து இருப்புப்பாதை முற்றுப்பெற்ற பின்னர், ஊர் நேரத்தை நம்பியவர்கள் வண்டியைத் தவறவிட்டனர். 1852இல் நகரம் கிரீன்விச் நேரத்தை ஏற்றுக்கொண்டது. பழைய முள் மட்டும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் நாள், என் மாணவியின் கேள்விக்கு விடை தேடி நடந்தேன். துறைமுகத்தின் ஒரு கிளையில் பெரோ பாலம் என்னும் நடைபாலம் உள்ளது. 1999இல் திறக்கப்பட்டது. பாலத்தின் மேல் இரு பெரிய கொம்புகள் நிற்கின்றன. படகுகளுக்கு வழிவிடப் பாலத்தைத் தூக்கும்போது எதிர் எடையாக அவை பயன்படும். பெரோ என்பவர் யார்? மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான நெவிசில், ஜான் பின்னி என்னும் கரும்புத் தோட்ட முதலாளியால் பன்னிரண்டாம் வயதில் தம் உடன்பிறந்த சகோதரியருடன் விலைக்கு வாங்கப்பட்ட அடிமை. முதலாளி பிரிஸ்டலில் குடியேறியபோது பணியாளராக உடன் வந்து, 1798இல் இறந்தார்.

ஏறத்தாழ 1790இல் பின்னி கட்டிய வீடு இப்போது காட்சிச்சாலையாக இருக்கிறது. அதனுள் சென்றேன். அழகிய நூலறை, விருந்துக்கூடம், கீழ்த்தளத்தில் முதலாளி முழுகிக் குளிப்பதற்கென்று ஒரு குளிர்நீர்த் தொட்டி. எல்லாம் நேர்த்தியாகவே இருந்தன. கரும்பலகையில் 'சர்க்கரை' என்று நான் எழுதிய சொல், அங்கே சுவராகவும் மாடிப்படியாகவும் என் முன் நின்றது. 1698 முதல் 1807 வரை பிரிஸ்டல் வணிகரின் கப்பல்கள் ஆப்பிரிக்காவுக்கு 2000க்கும் மேற்பட்ட முறை சென்று, ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்களை அடிமைகளாக ஏற்றிச் சென்றன என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிடுகின்றனர். கரும்பை வெட்டியவர்கள் அவர்களே.

அந்நகரில் எட்வர்டு கோல்ஸ்டன் என்னும் வணிகரின் சிலை ஒன்று 1895 முதல் நின்றது. அவர் பள்ளிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் பெரும்பொருள் வழங்கியவர். அடிமை வணிகம் செய்த இராயல் ஆப்பிரிக்கக் கம்பெனியில் உயர் பொறுப்பு வகித்தவரும் அவரே. உண்மையைக் கூறும் விளக்கப் பலகை ஒன்றைச் சிலையின் அடியில் வைக்க முயன்றார்கள். எந்தச் சொற்களை எழுதுவது என்பதில் ஒற்றுமை ஏற்படாமல் அது வைக்கப்படவே இல்லை. 2020ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் ஆர்ப்பாட்டம் செய்த கூட்டத்தினர் சிலையைக் கயிறு கட்டிச் சாய்த்து, உருட்டிச் சென்று, பெரோ பாலத்தின் அருகே நீரில் தள்ளினர். நகராட்சியினர் அதை எடுத்துக் காட்சிச்சாலையில் வைத்துள்ளனர். வண்ணப்பூச்சுக் கறைகளுடன் கிடக்கும் அச்சிலையின் முன்னே நான் நெடுநேரம் நின்றேன்.

பள்ளிக்கூடம் நடத்தியவன் நான். ஒரு வகுப்பறை கட்ட நன்கொடை வேண்டி எத்தனையோ வாயில்களில் காத்திருந்தவன். கொடுப்பவரின் பணம் எங்கிருந்து வந்தது என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. ஆகவே அந்நகரத்தாரைக் குறை கூற என் நா எழவில்லை. கூட்டமாகச் சேர்ந்து சிலையைச் சாய்ப்பது முறையா என்று நீங்கள் கேட்கலாம். அது பற்றி அவ்வூராரே இருவகையாகப் பேசுகின்றனர். வழக்கு மன்றம் ஏறிய நால்வரைக் குற்றமற்றவர்கள் என்று 2022இல் ஆன்றோர் குழு விடுவித்தது. எனக்குத் தோன்றுவது இது ஒன்றே: பலகையில் உண்மையை எழுத மறுக்கும் இடத்தில், உண்மை வேறு வடிவில் வெளிவரும். அது ஊருக்கு மட்டுமன்று, ஆசிரியனுக்கும் பொருந்தும்.

அந்நகரின் வரலாற்றில் ஒளி தரும் பக்கங்களும் உண்டு. அடிமை வணிகத்தை ஒழிக்கப் பாடுபட்ட தாமஸ் கிளார்க்சன் 1787இல் அங்கு வந்து மாலுமிகளை விசாரித்துச் சான்றுகள் திரட்டினார். 1963இல் நகரப் பேருந்து நிறுவனம் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் நடத்துநராக ஏற்க மறுத்தபோது, பால் ஸ்டீவன்சன் முதலிய இளைஞர்கள் பேருந்தில் ஏறாமல் இருக்கும்படி மக்களை வேண்டினர். நான்கு மாதப் போராட்டத்திற்குப் பின் தடை நீங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் முதலில் பணியேற்றவர் நம் நாட்டிலிருந்து சென்ற இரகுபீர் சிங் என்னும் சீக்கியர்.

மூன்றாம் நாள் கிளிஃப்டன் தொங்கு பாலத்திற்கு மேடேறினேன். வில்லியம் விக் என்னும் வணிகர் 1754இல் இறந்தபோது ஆயிரம் பவுனை விட்டுச் சென்று, அது வட்டியால் பதினாயிரம் ஆனதும் பாலம் கட்டுக என்று உயில் எழுதினார். இருபத்து நான்கு வயதே நிரம்பிய இசம்பார்டு கிங்டம் புரூனல் என்பாரின் திட்டம் ஏற்கப்பட்டு, 1831இல் வேலை தொடங்கிற்று. கலகத்தாலும் பணமுடையாலும் அது நின்றது. புரூனல் 1859இல் மறைந்தார். நண்பர்கள் அவர் நினைவாக அதை 1864இல் முடித்தனர். ஆற்றுக்கு மேல் 245 அடி உயரத்தில் அது நிற்கிறது. புரூனல் அமைத்த 'கிரேட் பிரிட்டன்' என்னும் இரும்புக் கப்பலையும் அங்கே காணலாம். 1843இல் மிதக்கவிடப்பட்டு, பிற்காலத்தில் ஃபாக்லாந்து தீவுகளில் கைவிடப்பட்டு, 1937இல் ஆழமற்ற நீரில் அமிழ்த்தப்பட்ட அக்கப்பல், 1970இல் தான் பிறந்த அதே துறைக்கே திரும்பிவந்தது.

என் உலாவை ஆர்னோஸ் வேல் இடுகாட்டில் முடித்தேன். அங்கே நம் நாட்டு மண்டபத்தின் வடிவில் ஒரு கல்லறை. இராஜாராம் மோகன் ராய் துயில்கிறார். உடன்கட்டை ஏறும் கொடுமையை எதிர்த்து வாழ்நாளெல்லாம் வாதாடிய பெருமகனார், அந்நகருக்கு விருந்தினராக வந்து, நோயுற்று, 1833ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் காலமானார். ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் துவாரகநாத் தாகூர் அவர் உடலை இவ்விடத்திற்கு மாற்றி மண்டபம் எழுப்பச் செய்தார். பாடத்தில் இல்லாத கேள்விகளைத் தம் சொந்தச் சமுதாயத்திடமே கேட்டவர் அவர். அங்கே நின்றபோது, கடைசி வரிசையில் இருந்த அந்தப் பெண்ணின் முகம் என் நினைவுக்கு வந்தது.

மாணவ நண்பர்களே, கடல் கடந்து செல்லும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டாது. உங்கள் ஊர்த் தெருவில் நடக்க யாருடைய அனுமதியும் வேண்டா. ஒரு பெயர்ப்பலகையைக் கண்டால், இவர் யார் என்று கேளுங்கள். ஒரு பெரிய வீட்டைக் கண்டால், இது எப்படிக் கட்டப்பட்டது என்று கேளுங்கள். ஆசிரியர் உட்காரச் சொன்னால் உட்காருங்கள். கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அந்த மாணவி இப்போது எங்கே இருக்கிறாளோ, நான் அறியேன். ஒருகால் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாளாயின் அவளுக்கு ஒரு சொல்: அம்மா, உன் கேள்வி பாடத்திற்கு உட்பட்டதே. விடை சொல்ல எனக்குத்தான் இத்தனை ஆண்டுகள் ஆயின.