வீடியோ கேமில் நம் உருவத்தை எழுதுகிறவர் யார்?

(திருவண்ணாமலைக் கூட்டத்தில் பேசியது)



வீடியோ கேமைப் பற்றி நான் பேசப் போவதாகத் தலைவர் சொன்னதும் உங்களில் சிலர் சிரித்தீர்கள். பிள்ளைகள் செல்போனில் ஆடுகிற ஆட்டத்துக்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். ஒருவனுடைய உருவத்தை மற்றொருவன் எழுதுகிற இடத்திலெல்லாம் சுயமரியாதைக்கு வேலை இருக்கிறது என்பதே என் பதில்.

புராணத்தைப் பாருங்கள். எழுத்தாணி எவர் கையில் இருந்ததோ அவர் தேவர் ஆனார். எழுத்தாணி இல்லாதவர் அசுரரும் குரங்கும் ஆனார். அந்தக் கதையையாவது நாம் காதால் கேட்டதோடு சரி. வீடியோ கேமிலோ, பிள்ளை அந்த உருவத்தைத் தன் விரலாலேயே நடக்க வைக்கிறான், அடிக்க வைக்கிறான். ஆகவே அது மனதில் இன்னும் ஆழமாய்ப் பதியும் அல்லவா?

அதில் இந்தியன் எப்படி வந்தான் என்று பார்ப்போம். 1987-ல் நின்டெண்டோ கம்பெனி ஒரு குத்துச்சண்டை ஆட்டம் வெளியிட்டது. அதில் வரும் இந்தியன் தலைப்பாகையில் பளபளக்கும் கல்லோடு வருகிறான். மாயமாய் மறைந்து மறைந்து தோன்றிக் குத்துகிறான். 1991-ல் கேப்காம் கம்பெனி "ஸ்டிரீட் ஃபைட்டர் 2" வெளியிட்டது. அதில் வரும் இந்தியன் பெயர் தால்சிம். அவன் ஒரு யோகி. வாயால் நெருப்புக் கக்குகிறான். கை கால்கள் ரப்பர் போல் நீளுகின்றன. கழுத்திலே மண்டையோட்டு மாலை. பின்னால் வரிசையாக யானைகள். உலகம் முழுவதும் பிள்ளைகள் காசு போட்டு ஆடிய ஆட்டம் இது.

இவற்றைச் செய்தவர்கள் வெள்ளைக்காரர்கள் என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஜப்பான் கம்பெனிகள். அவர்களும் ஆசியர், நாமும் ஆசியர். அமெரிக்காவில் இந்தத் தொழிலில் இருக்கும் ஜப்பானியர், சீனர், கொரியர், இந்தியர் எல்லோரையும் "ஆசியர்" என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறார்கள். ஒரே சாக்கில் கிடப்பதாலேயே ஒருவரை ஒருவர் அறிந்தவர் ஆகிவிட மாட்டார் என்பதற்குத் தால்சிமே சாட்சி.

சரி, ஜப்பான்காரனுக்கு இந்த இந்தியனைக் காட்டிக் கொடுத்தது யார்? நாம்தான், தோழர்களே! இந்த ஊரையே பாருங்கள். கடல் தாண்டி வருகிறவனுக்கு நாம் எதைக் காட்டுகிறோம்? மலையைக் காட்டுகிறோம், தீபத்தைக் காட்டுகிறோம், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் உட்கார்ந்திருக்கும் சாமியாரைக் காட்டுகிறோம். நிலக்கடலை பயிரிடும் குடியானவனையும், ஆரணியில் பட்டு நெய்கிறவனையும், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவளையும் காட்டுகிறோமா? நாம் விற்ற சரக்கைத்தான் அவன் படமாக்கினான். சரக்கை விற்றுவிட்டு, வாங்கினவனை ஏசுவதில் என்ன நியாயம்?

நம்மவருக்கு ரோஷம் வருகிற இடமும் விசித்திரமானது. 2012-ல் "ஸ்மைட்" என்ற அமெரிக்க ஆட்டத்தில் காளியைச் சண்டைக்காரியாகப் போட்டதும் ஆட்சேபணை கிளம்பிற்று. 2008-ல் "ஃபால்அவுட் 3" என்ற ஆட்டத்தை மைக்ரோசாஃப்ட் கம்பெனி இந்தியாவில் வெளியிடாமல் நிறுத்திற்று. இந்நாட்டுப் பண்பாட்டு உணர்ச்சியை முன்னிட்டு என்று பொதுவாகச் சொன்னார்களே ஒழிய, காரணத்தை விரித்துச் சொல்லவில்லை. அந்த ஆட்டத்தில் வரும் இரட்டைத் தலை மாட்டுக்குப் "பிராமின்" என்று பெயர். அதுதான் காரணமாக இருக்கும் என்று பலர் ஊகித்தார்கள். சாமிக்கும் மாட்டுக்கும் உள்ள மானத்தில் ஒரு பங்காவது மனிதனுக்கு இருக்க வேண்டாமா என்றுதான் நான் கேட்கிறேன்.

இனி, தொழில் செய்கிறவர்கள் சங்கதிக்கு வருவோம். நம் நாட்டாருக்கு இந்த வேலை தெரியாதா? நன்றாகத் தெரியும். 1997-ல் பெங்களூரில் துருவா என்ற கம்பெனி ஏற்பட்டது. அந்நிய நாட்டார் செய்யும் ஆட்டங்களுக்குப் படம் எழுதிக் கொடுப்பதே அதன் பெரிய வேலையாக இருந்தது. 2019-ல் அமெரிக்காவின் ராக்ஸ்டார் கம்பெனியோடு அது சேர்க்கப்பட்டது. கூலிக்குக் காரும் கட்டடமும் எழுதுவது இழிவல்ல. உழைத்துப் பிழைப்பது கௌரவமே. ஆனால், கை நம்முடையது, கதை பிறனுடையது என்றால், கல் சுமந்தவன் வெளியே நிற்கக் கோவிலுக்குள் வேறொருவன் இருந்த பழைய கதைதானே இதுவும்?

கதை நம் கைக்கு வந்தபோதாவது என்ன செய்தோம்? 2020-ல் புனா நகரத்து இளைஞர்கள் "ராஜி" என்ற ஆட்டத்தைச் செய்தார்கள். ஒரு பெண்பிள்ளை தன் தம்பியை மீட்கப் போராடுகிறாள். வேலைத்திறமை மெச்சத் தக்கது. பெண்ணைத் தலைவியாக்கியதும் நல்லதே. ஆனால் அவளுக்கு ஆயுதம் கொடுக்கத் தெய்வம் வருகிறது. கதை சொல்லத் துர்க்கையும் விஷ்ணுவும் வருகிறார்கள். பெண் தன் சொந்த அறிவால் ஜெயிக்கக் கூடாதா?

ஜெயித்த ஒருத்தியைச் சொல்லுகிறேன். அவள் பெயர் வெண்பா. கானடா தேசத்து டொரண்டோவிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறு கம்பெனி 2023-ல் வெளியிட்ட ஆட்டத்தின் பெயரும் அதுவே. நடத்துபவர் அபி என்ற தமிழர். இதில் கத்தி இல்லை, கடவுள் இல்லை, மந்திரம் இல்லை. 1980-களில் கானடாவில் குடியேறிய ஒரு தமிழ்ப் பெண், அவள் புருஷன், அவர்கள் மகன் - இவ்வளவுதான். அவளிடம் தாயின் சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. அது கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கிறது. அழிந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். ஆடுகிறவனுக்கு அங்கே வேலை மூளைக்குத்தான். மகனோ, பள்ளிக்கூடத்தில் மற்றவரைப் போல் இருக்க வேண்டுமென்று அம்மாவின் சாப்பாட்டையும் பாஷையையும் விட்டு விலகுகிறான். பிழைக்கப் போன இடத்தில் எத்தனை தமிழ் வீட்டில் இது நடக்கிறது!

இட்லி வேகிற கதையை வெள்ளைக்காரன் மதிப்பானா என்று கேட்பீர்கள். 2024-ல் இங்கிலாந்தின் பாஃப்டா சங்கம் முதல் முயற்சிக்கான பரிசை இதற்கே கொடுத்தது. சாதாரண மனிதனை உள்ளபடி காட்டினால் உலகம் மதிக்கும் என்பதற்கு இதைவிட ருசு என்ன வேண்டும்?

ஒன்று மட்டும் எச்சரிக்கிறேன். "எங்களை இழிவாகக் காட்டாதே" என்று அந்நியனிடம் கேட்கிறவன், தன் பக்கத்து நாற்காலிக்காரனை "நீ என்ன ஜாதி?" என்று கேட்கக் கூடாது. மைக்ரோசாஃப்ட் கம்பெனியும் நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளையும் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தை ஒட்டியே இருக்கின்றன. அந்த நகரசபை 2023 பிப்ரவரியில் ஜாதி வித்தியாசம் காட்டுவதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. ஏன் தடுக்க வேண்டி வந்தது? நம்மவர் கப்பலேறும்போது ஊறுகாயோடு ஜாதியையும் கட்டிக்கொண்டு போனதால்தானே! "ஆசியன்" என்று வெளியே ஒற்றுமை பேசி, உள்ளே மேல் கீழ் பார்ப்பவனுக்குப் பிரதிநிதித்துவம் கேட்க என்ன யோக்கியதை?

ஆகவே தோழர்களே, உங்கள் பிள்ளைகள் விளையாடினால் வெறுமனே திட்டாதீர்கள். "இதில் நம்மைப் போன்றவன் இருக்கிறானா? எப்படி இருக்கிறான்? இதை யார் செய்தது?" என்று கேளுங்கள். படம் எழுதவும் கணக்குப் போடவும் ஆசையுள்ள பெண்ணைக் கல்யாணத்துக்கு அவசரப்படுத்தாமல் இந்த வேலையைப் படிக்க விடுங்கள். சேரிப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கிடைக்க வழி தேடுங்கள். அவர்கள் கையில் எழுதுகோல் ஏறினால் மண்டையோட்டு மாலையை எவரும் நமக்குப் போட முடியாது.