பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடையில் தாய்க்கு இரண்டு வருஷம்

(தோட்டக் கமிட்டி மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தையும் பேரையும் பற்றிப் பேசும் சங்கத்தில் பிள்ளைப்பேற்றைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். கொழுந்துக் கூடை சுமக்கும் உடம்புதான் பிள்ளையையும் சுமக்கிறது. ஆகவே இதுவும் தொழிலாளர் பிரச்சினைதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பெறாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. சரியான விளக்கமில்லாமல் தங்களுக்கு நிரந்தரக் கருத்தடை செய்யப்பட்டது என்று மலையகத் தாய்மார் பலர் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பயம் இன்னும் லயங்களில் இருக்கிறது. நான் பேசுவது நிறுத்துவதைப் பற்றியல்ல, இடைவெளி விடுவதைப் பற்றி. எத்தனை பிள்ளை என்பது உங்கள் முடிவு.

ஒரு பிள்ளை பிறந்து குறைந்தது 24 மாதம் கழித்தே அடுத்த கர்ப்பம் தரிப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிறப்புக்கும் பிறப்புக்கும் இடையில் என்று இதைத் தவறாக விளங்கிக்கொள்ள வேண்டாம். 24 மாதத்தோடு வயிற்றில் சுமக்கும் 9 மாதத்தையும் கூட்டுங்கள், 33 மாதம். மூத்ததுக்கும் இளையதுக்கும் ஏறக்குறைய மூன்று வயது வித்தியாசம் வரும்.

ஏன் இந்த இடைவெளி? கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் தாயின் இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் குறைகின்றன. அவை மறுபடி சேரக் காலம் வேண்டும். சேரும் முன் அடுத்தது தங்கினால், 37 வாரத்துக்கு முன்பே பிறப்பது, 2,500 கிராமுக்குக் குறைந்த நிறையில் பிறப்பது ஆகிய ஆபத்துகள் கூடுகின்றன. பிரசவம் முடிந்து ஆறு மாதத்துக்குள் தங்கினால் ஆபத்து இன்னும் அதிகம். சிசேரியன் செய்த தாய்க்குக் கர்ப்பப்பையில் உள்ள தழும்பு நன்றாக ஆறாமல் பிரசவ வலியின்போது கிழியும் ஆபத்தும் உண்டு. எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்றில்லை. ஆனால் ஏற்கெனவே இரத்தம் குறைந்து, மலையேறி வேலை செய்யும் நம் பெண்களுக்கு அந்த ஆபத்தை நாமே கூட்டிக்கொள்ளலாமா?

“பால் கொடுக்கும்வரை தங்காது” என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அதில் பாதிதான் சரி. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகாமலிருக்க வேண்டும். இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டுமே அதை நம்பலாம். தாய் மலைக்குப் போய், பிள்ளை மடுவத்தில் போத்தல் பால் தொடங்கினால் அந்தக் காவல் போய்விடும். மாதவிடாய் வருவதற்கு முன்பே கரு தங்கவும் கூடும்.

லூப், ஊசி, மாத்திரை, கையில் வைக்கும் இம்பிளாண்ட், ஆணுறை எல்லாம் தற்காலிக முறைகள். லூப்பையும் இம்பிளாண்டையும் எடுத்துவிட்டால் மறுபடி கர்ப்பம் தரிக்கலாம். ஊசியை நிறுத்தினால் சில மாதம் தாமதமாகலாம். பால் கொடுக்கும் தாய்க்கு எது பொருத்தம் என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். விளங்காத கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள்.

ஏற்கெனவே தங்கிவிட்டதா? வெட்கப்படாமல் உடனே கிளினிக்கில் பதியுங்கள். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. தண்ணீரோடு குடியுங்கள், தேத்தண்ணிக்கு ஒரு மணித்தியாலமாவது பொறுங்கள். திரிபோஷ தாய்க்குக் கொடுத்தது, தாய்தான் சாப்பிட வேண்டும்.

அண்ணன் தம்பிமாரே, இடைவெளி விடுவது மனைவியின் வேலை மட்டுமல்ல. கிளினிக்குக்குக் கூடப் போங்கள். மாமிமாரே, கலியாணம் முடிந்த அடுத்த மாதமே “விசேஷம் இல்லையா” என்று மருமகளை நச்சரிக்காதீர்கள். ஆண் பிள்ளை வேண்டுமென்று அவசரப்படுத்தாதீர்கள்.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டப்படி 12 வார லீவு உண்டு. 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மூன்றாவது, நாலாவது பிள்ளைக்கும் அதே 12 வாரம்தான், குறைக்க முடியாது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்க வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையாமலும், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமலும் கொடுக்க வேண்டும். நிறுவை குறைந்தது என்று சொல்லி யாராவது இதை மறுத்தால், அன்றைக்கே தலைவரிடம் சொல்லுங்கள்.

கிளினிக் நாளில் கர்ப்பிணித் தாயின் பேரை வெட்டக் கூடாது என்ற கோரிக்கையை இந்தக் கமிட்டியின் தீர்மானமாக முன்வைக்கிறேன். ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள். ஆண்களின் கைகளையும் நான் எண்ணப் போகிறேன்.