புள்ளிக்கு இடம் விடுங்கள்



இணையதள வடிவமைப்பு என்றதும் பலருக்குப் படமும் நிறமும்தான் நினைவுக்கு வரும். எனக்கு வருவது புள்ளி. மெய்யெழுத்தின் தலையில் வைக்கிறோமே, அந்தப் புள்ளி. அதை எனக்குக் கற்றுக்கொடுத்த ஊர் ஜவ்வாது மலையில் இருக்கும் ஜமுனாமரத்தூர்.

அந்த மலையில் சாமை விளைவிக்கிற உழவர்கள் சிலர், சாமை அரிசியும் தேனும் புளியும் நேரடியாக விற்க ஒரு தளம் வேண்டும் என்று கேட்டார்கள். செய்து கொடுத்தேன். என் மேசையில் இருந்த பெரிய திரையில் அழகாகத்தான் இருந்தது. மலைக்குப் போய், பேருந்து நிலையத்தில் உச்சி வெயிலில், அந்தக் குழுவைச் சேர்ந்த ஓர் அக்காவின் கைபேசியில் திறந்து காட்டினேன். ஒரு கையால் திரைக்கு நிழல் கொடுத்துக்கொண்டு பார்த்தார். "என்ன தம்பி, எழுத்து ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கிட்டு நிக்குது?" என்றார்.

நானும் குனிந்து பார்த்தேன். தலைப்பு இரண்டு வரி. மேல்வரி 'பருவ மழையில் விளைந்த சாமை'. கீழ்வரி 'புற்றுத் தேன், மலைப் புளி'. நேயர்களே, கையில் தாள் இருந்தால் இந்த இரண்டையும் நெருக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். 'பருவ' என்பதில் இரண்டாவது எழுத்து ரு. அதன் சுழி வரிக்குக் கீழே இறங்கும். அதற்கு நேர்கீழே 'புற்று' என்பதன் ற். அதன் புள்ளி வரிக்கு மேலே ஏறும். இரண்டும் முட்டிக்கொண்டன. புள்ளி சுழிக்குள் காணாமல் போய், 'புற்று' அங்கே 'புறறு' என்று நின்றது.

தவறு என்னுடையது. ஆங்கிலத்துக்கென்று செய்த ஆயத்தப் பக்க வார்ப்பு ஒன்றை எடுத்து, அதில் தமிழைக் கொட்டியிருந்தேன். அப்படிப்பட்ட வார்ப்புகளில் தலைப்பின் வரி உயரம் எழுத்தின் அளவைப்போல 1.2 மடங்குதான் இருக்கும். ஆங்கிலத்துக்கு அது போதும். நம் எழுத்துக்கோ மேலே கி, கீயின் கொக்கியும் புள்ளியும், கீழே கு, ரு, மூவின் வாலும் சுழியும் உண்டு. அன்று அங்கேயே ஒரு தேநீர்க் கடைத் திண்ணையில் உட்கார்ந்து, வரி உயரத்தை 1.7 ஆக்கி, எழுத்தளவை 16இலிருந்து 18ஆக ஏற்றினேன். வேறு எதையும் தொடவில்லை. அக்கா இந்தமுறை நிறுத்தாமல் வாசித்தார்.

இந்தப் புள்ளிக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஆனால் ஓலையில் எழுத்தாணியால் கீறியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. கால் எது, ரகரம் எது என்பதும் ஓலையில் தெளிவாகத் தெரியாது. உ.வே. சாமிநாதையர் போன்றவர்கள் சுவடிகளோடு பட்ட பாட்டில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. அச்சு வந்த பிறகுதான் புள்ளி நிலையாக உட்கார்ந்தது. அச்செழுத்தும் எளிதாக அமைந்துவிடவில்லை. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1713இல் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றில் அடித்தால் தாள் கட்டுப்படியாகாது. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். தாள் கிடைக்காத காலம், எழுத்தைச் சுருக்கினார்கள். நமக்கு என்ன குறை? திரையை விரலால் தள்ளத் தள்ளக் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு வரிகளை நெரித்துப் போட்டு, வாசகரை மறுபடியும் ஓலைச்சுவடிக்கு அனுப்புகிறோமே என்று எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

ஆங்கில வார்ப்பிலிருந்து வருகிற இன்னும் இரண்டு தொல்லைகளைச் சொல்கிறேன். அங்கே தலைப்பைக் கேப்பிட்டல் எழுத்தில் போட்டு எடுப்பாகக் காட்டுவார்கள். தமிழில் அப்படி ஓர் எழுத்துவகையே இல்லை. சாய்த்துப் போடுவார்கள், தமிழ் சாய்ந்தால் கண் தடுமாறும். சரி, தடித்த எழுத்தில் போடலாம் என்றால், சிறிய அளவில் சுழிகளின் உள்ளிடம் அடைபட்டு மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் ஒன்றுபோல ஆகிவிடும். அப்படியானால் தலைப்பை எப்படித்தான் காட்டுவது? அளவைக் கூட்டுங்கள். சுற்றிலும் வெற்றிடம் விடுங்கள்.

வெற்றிடம் என்றதும் காவலூர் நினைவுக்கு வருகிறது. இதே ஜவ்வாது மலைத்தொடரில் இருக்கிறது காவலூர் வானாய்வகம். அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு 1986இல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டினார்கள். நகர வெளிச்சம் எட்டாத இருட்டு வானம் வேண்டும் என்றுதான் இந்த மலைக்கு வந்தார்கள். பக்கத்தில் விளக்கு எரிந்தால் மங்கலான விண்மீன் தெரியாது. விலையும், 'வாங்க' என்ற பட்டனும் அப்படித்தான். சுற்றிலும் நான்கு விளம்பரப் படங்கள் மின்னிக்கொண்டிருந்தால் யார் கண்ணிலும் படாது.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நேரம் குறைவு. வழக்கமான அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது இணையத்துக்கு உலகம் முழுதும் ஏற்றுக்கொண்ட அளவு. வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து இதில் தேறாது. அறைக்குள் நாகரிகமாகத் தெரியும், ஜமுனாமரத்தூர் வெயிலில் வெற்றுத்திரையாகத் தெரியும்.

எழுத்துருவுக்கு, பேச்சில் ஃபான்ட் என்கிறோமே அதற்கு, இன்று பஞ்சமில்லை. ஒரு காலத்தில் ஒவ்வொரு பத்திரிகையின் தளத்தையும் படிக்க அதனதன் ஃபான்டைத் தனியாக இறக்க வேண்டியிருந்தது. யூனிகோடு பரவியதும் அந்தத் தொல்லை ஒழிந்தது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கட்டமரன், மீரா இனிமை எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்று மட்டும் கவனியுங்கள்: மலையில் சிக்னல் மெலிந்திருக்கும். நீங்கள் வைத்த எழுத்துரு வந்து சேருமுன் கைபேசியின் சொந்த எழுத்துருவில் பக்கம் தெரியலாம். அப்போதும் பக்கம் குலையக் கூடாது. எழுத்தைப் படமாக்கி ஒட்டவே ஒட்டாதீர்கள். படம் இறங்க நேரமாகும், பெரிதாக்கினால் மங்கும், பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் செயலியால் அதை ஒழுங்காகப் படிக்கவும் முடியாது.

எந்த எழுத்துரு நல்லது என்று கேட்டால், நான் வைத்திருக்கும் சோதனைச் சொல் 'ஜமுனாமரத்தூர்'தான். அந்தப் பெயரில் ஏறக்குறைய எல்லாம் இருக்கிறது. மு, தூ இரண்டும் வரிக்குக் கீழே சுழிக்கின்றன. த், ர் இரண்டும் புள்ளியை மேலே ஏந்துகின்றன. னாவின் காலுக்கும் ரகரத்துக்கும் நடுவே ஒரு மகரம்தான் நிற்கிறது. ரகரத்தின் வால் சரியாக இறங்கவில்லை என்றால் அது காலாகத் தெரிந்து, ஊர்ப்பெயரே மாறிவிடும். அந்த ஒரு சொல்லை மூன்று வரி அடுக்கிப் போட்டு, சிறிய கைபேசியில் தெளிவாகத் தெரிந்தால் அந்த எழுத்துருவை நம்பி எடுக்கலாம்.

தளம் செய்யப் பழகுகிற பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றைக்கே உங்கள் ஊர்ப்பெயரை நீங்கள் செய்த பக்கத்தில் இட்டு, வீட்டில் இருப்பதிலேயே பழைய கைபேசியை அம்மா கையில் கொடுத்து, வாசலில் வெயிலில் நின்று உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் நிறுத்துகிறாரோ அந்த இடத்தில் வரியை விலக்குங்கள்.