அடிக்கு முன்னால் ஓர் ஊகம்



இன்றைக்கு வீடியோ கேமில் போடுகிற சண்டையைப் பற்றிப் பேசப்போகிறேன். "பொழுது விடிந்தால் பிள்ளைகள் அதில்தான் கிடக்கிறார்கள், வானொலியிலும் அதுதானா?" என்று சில வீடுகளில் முணுமுணுப்பு எழும். எழட்டும். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காடுமேடெல்லாம் ஓடுகிற விளையாட்டுகளை நான் சொல்லவில்லை. நான் சொல்வதில் திரையில் இரண்டே பேர்தான். இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர். இருவர் தலைக்கும் மேலே ஆளுக்கொரு பட்டை. அடி விழ விழ அது தேயும். தீர்ந்தால் ஆள் காலி. ஒரு ரவுண்டு ஒன்றரை நிமிடம் நீடித்தாலே அதிகம். ஸ்ட்ரீட் ஃபைட்டர், டெக்கன் எல்லாம் இந்த வகை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் குத்தும் உதையும். ஆடுகிறவருக்கு அப்படி இல்லை. சரியான ஆள் எதிரே உட்கார்ந்திருந்தால், கை செய்கிற வேலையைவிட, அவன் அடுத்து என்ன செய்வான் என்று ஊகிக்கிற வேலைதான் பெரிது. எனக்கு இந்த விளையாட்டுகள் பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான்.

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1987-இல் முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரை வெளியிட்டது. அதில் ஒரு வேடிக்கை. பட்டனுக்குப் பதில் ரப்பர் மெத்தை போல இரண்டு பெரிய திண்டுகள். எவ்வளவு பலமாக ஓங்கி அடிக்கிறோமோ அவ்வளவு பலமான அடி திரையில் விழும். ஆடியவர்களுக்குக் கை வலித்ததுதான் மிச்சம். அதனால் குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று என ஆறு பட்டன் வைத்த பெட்டி வந்தது. 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 அதே ஆறு பட்டனை எடுத்துக்கொண்டு உலகத்தையே கட்டிப்போட்டது. முதல் ஆட்டத்தை உருவாக்கிய நிஷியாமாவும் மட்சுமோட்டோவும் அதற்குள் போட்டி நிறுவனமான எஸ்.என்.கே.வுக்குப் போய்விட்டார்கள். அங்கே அவர்கள் செய்தது வேறொரு நல்ல சண்டை விளையாட்டு. அது இன்னொரு நாள் கதை.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் ரியூ என்று ஒருவர் வருவார். வெள்ளை உடை போட்ட கராத்தேக்காரர். ஜாய்ஸ்டிக்கைக் கீழே இழுத்து, மூலை வழியாக முன்பக்கம் வரை கால்வட்டம் உருட்டி, குத்து பட்டனை அமுக்கினால் அவர் இரண்டு கையையும் சேர்த்து ஒரு நீல நெருப்புருண்டையை ஏவுவார். பெயர் ஹடோக்கென். முதல்முறை அது கையில் வரும்போது கிடைக்கிற சந்தோஷம் சாதாரணமானதல்ல. ஆனால் ஆட்டம் அங்கே தொடங்குவதில்லை; அதற்கு எதிராளி என்ன பதில் சொல்கிறான் என்பதில் தொடங்குகிறது.

உருண்டை அவனை நோக்கி வருகிறது. அவன் தடுக்கலாம். ஜாய்ஸ்டிக்கைப் பின்பக்கம் பிடித்தால் தடுப்பு. ஆனால் தடுத்தாலும் பட்டையில் கொஞ்சம் சுரண்டிவிடும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்துகொண்டே இருந்தால் பொறுமை போய்விடும். சரி, தாண்டிக் குதிப்போம் என்று எழும்புகிறான். ரியூவை ஆடுகிறவன் காத்துக்கொண்டிருந்தது அதற்குத்தான். குதித்தவனால் அந்தரத்தில் தடுக்க முடியாது. இறங்குகிற இடத்தில் ஷோர்யூக்கென் என்கிற மேல்நோக்கிய குத்து தயாராக நிற்கும். மொத்தென்று விழுவான். அடுத்த தடவை அவன் குதிக்க யோசிப்பான். யோசிக்கிறான் என்று தெரிந்ததும் ரியூ துணிந்து கிட்டே நடந்து வருவான். ஏவப்போவதுபோல் காட்டி ஏவாமல் விடுவான். இரண்டே அசைவுகள்தான், அதற்குள் பயமுறுத்தல், பொய், பொறுமை, அவசரம் எல்லாம் அடங்கிவிட்டன. இதை எத்தனை வருஷம் ஆடினாலும் எனக்குச் சலிப்புத் தட்டவில்லை.

இந்த விளையாட்டுகளின் இன்னொரு பெரிய சுவையான காம்போ, அதாவது ஓர் அடியோடு அடுத்த அடியைத் தொடுத்து எதிராளி மூச்சு விடுவதற்குள் மூன்று நான்காக விழச் செய்வது, யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இன் நடுவே ஒரு காரை அடித்து நொறுக்குகிற போனஸ் சுற்று உண்டு. அதைச் சரிபார்த்துக்கொண்டிருந்த தயாரிப்பாளர் ஃபுனமிஸு, ஓர் அடி முடிவதற்குள் இன்னோர் அடி நுழைவதைக் கவனித்தார். இவ்வளவு நுணுக்கமான நேரக்கணக்கு யாருக்கும் கைவராது, இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். ஆனால் ஆடியவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். 1993-இல் வந்த சூப்பர் பதிப்பில் எத்தனை அடி தொடர்ந்து விழுந்தது என்று திரையிலேயே எண்ணிக் காட்டத் தொடங்கினார்கள். பிறகு வந்த சண்டை விளையாட்டுகளில் காம்போ இல்லாதது அபூர்வம்.

அதே ஆட்டத்தில் நம் நாட்டுக்காரர் ஒருவரும் உண்டு. தால்சிம், யோகி. கதைப்படி கேரளாக்காரர், நமக்குப் பக்கத்து வீடு. கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயிலிருந்து நெருப்பு, ரப்பர் மாதிரி நீளும் கைகால். சண்டை போடும் இடத்தில் சுற்றிலும் யானைகள் நின்று பிளிறும். இந்தியா என்றால் இவ்வளவுதானா என்று கோபப்பட இடமிருக்கிறது. எனக்குப் பாதி கோபம், பாதி சிரிப்பு. ஆனால் ஆடிப் பார்த்தால் அவர் தனி ருசி. நடை ஆமை வேகம், குதித்தால் மெதுவாக மிதந்து இறங்குவார். ஆனால் திரையின் பாதி தூரத்திலிருந்தே குத்துவார். கிட்டே வரவிடாமல் தள்ளியே வைத்திருப்பதுதான் அவரை ஆடும் முறை. ஒரே விதிகளுக்குள் ரியூ ஒரு விளையாட்டு, தால்சிம் வேறொரு விளையாட்டு. தனக்கு ஒத்துவருகிற ஆளைத் தேடிப் பிடிப்பதே பாதி சுகம்.

ஊகம் என்று சொன்னேனே, அதற்குக் கணக்கும் இருக்கிறது. இந்த விளையாட்டுகள் நொடிக்கு 60 படம் என்ற வேகத்தில் ஓடுகின்றன. ஆடுகிறவர்கள் ஒவ்வொரு படத்தையும் ஃபிரேம் என்பார்கள். இப்போதைய ஸ்ட்ரீட் ஃபைட்டரில் வேகமான ஒரு சின்னக் குத்து, பட்டன் அமுக்கிய நாலாவது ஃபிரேமில் எதிராளி மேல் படும். நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு. கண்ணால் பார்த்து, புத்திக்கு எட்டி, விரல் அசைவதற்கு நம்மில் பலருக்குப் பன்னிரண்டு, பதினைந்து ஃபிரேம் ஆகிவிடும். ஆக, கிட்டத்தில் நின்று சண்டை போடும்போது பார்த்துவிட்டுத் தடுப்பது நடக்காது. முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். தடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் அவன் வந்து பிடித்துத் தூக்கி எறிவான், பிடிக்குத் தடுப்பு செல்லாது. பிடிக்க வருகிறான் என்று தெரிந்தால் குத்திவிடலாம். குத்துவேன் என்று அவன் ஊகித்தால் தடுத்துவிட்டுத் திருப்பி அடிப்பான். குத்து, தடுப்பு, பிடி மூன்றும் ஒன்றையொன்று துரத்துகின்றன. எட்டியும் எட்டாமலும் நிற்கிற அந்தத் தூரத்தில் இருவரும் ஓர் அடி முன்னே, ஓர் அடி பின்னே என்று ஆடுவதைப் பார்த்தால், கபடியில் பாடிப் போகிறவன் காலை நீட்டுவதுபோல் காட்டிவிட்டு இழுத்துக்கொள்வது அப்படியே தெரியும்.

டெக்கன் இன்னும் வேறு மாதிரி. நாம்கோ நிறுவனம் 1994-இல் தொடங்கிய வரிசை அது. நாலு பட்டன், இடக்கை, வலக்கை, இடக்கால், வலக்கால். அவ்வளவுதான். அறிமுகமே தேவையில்லாத ஏற்பாடு. நம் ஊர்களில் இரண்டாயிரத்துக்குப் பிறகு மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு விளையாட விட்ட கடைகளிலும், பிரவுசிங் சென்டர்களிலும், கம்ப்யூட்டர் இருந்த வீடுகளிலும் டெக்கன் 3 தான் ராஜா. இன்று நாற்பதைத் தொடுகிற பலருக்கு ஹெய்ஹாச்சியின் கொம்பு முடியும், புலிமுகமூடி போட்ட கிங்கும் நினைவிருக்கும். புலி இல்லை, அது ஜாகுவார். அந்தக் கிங்குக்கு மூலம் உண்மையான ஒரு மனிதர்: மெக்சிகோவில் அநாதைக் குழந்தைகள் இல்லத்துக்குப் பணம் சேர்க்க முகமூடி போட்டு மல்யுத்தம் செய்த பாதிரியார், ஃபிரே டோர்மெண்டா.

டெக்கன் 3-இல் எட்டி கோர்டோ என்று பிரேசில்காரர் ஒருவர் உண்டு. கப்போயெய்ரா ஆடுகிறவர். கால் பட்டன் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றித் தட்டினாலே போதும். தலைகீழாகச் சுழன்று சுழன்று உதைப்பார். ஆறு மாதம் பழகியவனை நேற்று வந்த பொடியன் எட்டியை வைத்துக்கொண்டு சாய்த்துவிடுவான். "எட்டியை எடுக்காதடா!" என்று சண்டை திரைக்கு வெளியிலும் நடக்கும். அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். புதிதாக வருகிறவனுக்கு முதல் நாளே ஒரு வெற்றி கிடைக்கிறது. இரண்டாம் வாரம் எதிராளி குனிந்து தடுக்கக் கற்றுக்கொண்டுவிடுவான். அப்போது எட்டி கைகொடுக்கமாட்டார். ஆடுகிறவன் யோசிக்கத் தொடங்கித்தான் ஆகவேண்டும்.

1992-இல் வந்த மார்ட்டல் காம்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. நிஜ நடிகர்களைப் படமெடுத்துத் திரையில் மோதவிட்டார்கள், ரத்தம் தெறித்தது, தோற்றவனின் முதுகெலும்பை உருவினார்கள். அமெரிக்க செனட் வரை விவகாரம் போய், 1994-இல் விளையாட்டுகளுக்கு வயதுத் தரச்சீட்டு கொடுக்கும் முறை வந்தது. ரத்தத்தைப் பார்த்து முதல் நாள் கூட்டம் கூடும். பத்தாவது நாளும் கூடவேண்டுமானால் ஆட்டத்தில் வேறு சரக்கு வேண்டும்.

அந்தச் சரக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க, இணையத்தில் இன்றும் கிடைக்கிற ஒரு சின்ன வீடியோ போதும். 2004-ஆம் ஆண்டு, கலிஃபோர்னியாவில் ஈவோ என்ற போட்டி. ஆட்டம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3-இன் மூன்றாம் பதிப்பு. ஜப்பானின் டைகோ உமேஹாரா கையில் கென் என்ற வீரர், அமெரிக்காவின் ஜஸ்டின் வாங் கையில் சுன்-லீ என்ற வீராங்கனை. டைகோவின் பட்டையில் மிஞ்சியிருந்தது ஒரு மயிரிழை. அதாவது சுன்-லீயின் பெரிய அடியைத் தடுத்தால்கூட அந்தச் சுரண்டலிலேயே செத்துவிடுவார். ஜஸ்டின் அதைத்தான் செய்தார்: 15 உதைகள் சரமாரியாக வருகிற சூப்பர் அடியை விட்டார்.

அந்த ஆட்டத்தில் ஒரு வித்தை உண்டு. அடி வந்து படுகிற அந்தக் கணத்தில் பின்னால் போகாமல் முன்பக்கம் தட்டினால், ஒரு துளிகூட இழக்காமல் அடியைத் தட்டிவிடலாம். கொஞ்சம் பிசகினாலும் அடி முழுசாக விழும். டைகோ ஒன்றல்ல, 15 உதையையும் தட்டிவிட்டார், கடைசி உதையை அந்தரத்தில் எழும்பித் தட்டினார். இறங்கி, தன் சூப்பர் அடியைக் கொடுத்து அந்த ஆட்டத்தை முடித்தார். கூட்டம் போட்ட கூச்சலை இப்போது கேட்டாலும் புல்லரிக்கிறது. விரல் வேகம் மட்டும் அல்ல அது. முதல் உதையைக் கண்ணால் பார்த்துத் தட்ட அங்கே நேரமே இல்லை. ஜஸ்டின் இப்போது விடப்போகிறார் என்று டைகோ முன்னமே ஊகித்து முன்பக்கம் தட்டியிருந்தால்தான் அது நடக்கும். அன்றைய இறுதி ஆட்டத்தில் டைகோ வேறொருவரிடம் தோற்றுப்போனார் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. சில காலம் கழித்து விளையாட்டை விட்டுவிட்டு மாஜோங் ஆடப் போனார். முதியோரைப் பராமரிக்கும் வேலையும் பார்த்தார். நான்காம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் வந்ததும் திரும்பி வந்து, 2009, 2010 இரண்டு ஆண்டும் ஈவோவை வென்றார்.

2019-இல் இன்னொரு சம்பவம். டெக்கன் 7 என்றால் கொரியாவும் ஜப்பானும்தான் என்று எல்லோரும் எழுதி வைத்திருந்த நேரம். லாகூரிலிருந்து அர்ஸ்லான் ஆஷ் என்ற இளைஞர் ஜப்பானில் நடந்த ஈவோவுக்கு வந்தார். பாகிஸ்தான் ஆட்டக்காரர்களுக்கு விசா கிடைப்பதே பெரும்பாடு. வந்தவர் வென்றார். வென்றதோடு நிற்காமல், எங்கள் ஊரில் இன்னும் நல்ல ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். பலர் அதைப் பேச்சுக்குச் சொன்னது என்றே எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு லாஸ் வேகஸ் ஈவோவில், டெக்கன் உலகின் ஜாம்பவானான கொரியாவின் 'நீ' என்பவரைத் தோற்கடித்து அதையும் எடுத்துக்கொண்டார். அதன்பிறகு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு லாகூர் போகத் தொடங்கினார்கள். லாகூரில் நடந்தது பெரிய ரகசியமில்லை. டோக்கன் போட்டு ஆடும் கடைகளில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, தோற்றவன் எழுந்து இடம் விட, ஒருவரையொருவர் வருஷக்கணக்கில் படித்திருக்கிறார்கள்.

வானொலி கேட்பவர்களுக்கென்றே ஒன்றை வைத்திருந்தேன். நெதர்லாந்தில் ஸ்வென் என்று ஓர் ஆட்டக்காரர். சிறுவயதிலேயே பார்வை போனவர். காதை மட்டும் நம்பி ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடுகிறார். 2017-இல் ஸ்பெயினில் நடந்த போட்டியில் பார்வையுள்ள எதிராளியை வென்றார். எப்படி என்றால், இந்த விளையாட்டில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு சத்தம் உண்டு. சின்னக் குத்து ஒரு மாதிரி, பெரிய உதை ஒரு மாதிரி, தடுத்தால் ஒரு மாதிரி, ஏவினால் ஆளே பேர் சொல்லிக் கத்துவார். இடப்பக்கத்து ஆள் இடது காதில், வலப்பக்கத்து ஆள் வலது காதில். 2023-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்பதைக்கூட ஒலியால் சொல்லும் வசதி வைத்திருக்கிறார்கள். எதிராளியின் மனதைப் படிக்கக் கண் கட்டாயமில்லை.

அதே ஆறாம் பதிப்பில் புதியவர்களுக்கு ஒரு சுலப வழியும் வந்திருக்கிறது. கால்வட்டம் உருட்ட வேண்டாம், ஒரே பட்டனில் ஹடோக்கென். அப்படி விட்டால் அடியின் பலம் ஐந்தில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். பழைய ஆட்கள் சிலர் இதைக் கேட்டுக் குதிக்கிறார்கள். எனக்கு ஆட்சேபமில்லை. விரலைப் பழக்க மாதக்கணக்கில் செலவிடாமல் நேரே ஊகத்துக்குப் போய்விடலாம். வீட்டுப் பிள்ளையோடு ஆட நினைக்கும் பெற்றோருக்கும் அதையே சிபாரிசு செய்வேன்.

ஆனால் என் ஆளுக்கு மட்டும் அந்தச் சுலப வழியை நான் தொடமாட்டேன். ஜாங்கீஃப், ரஷ்ய மல்யுத்தக்காரர். உடம்பெல்லாம் கரடித் தழும்பு. எட்டத்தில் நின்றால் ரியூவிடமும் வாங்குவார், தால்சிமிடமும் வாங்குவார். கிட்டே போய்ப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றித் தரையில் இறக்க, ஜாய்ஸ்டிக்கை ஒரு முழு வட்டம் சுற்ற வேண்டும். அதில் ஒரு சங்கடம். வட்டம் மேல்பக்கத்தைத் தொட்டதும் அவர் குதித்துத் தொலைப்பார். அதனால் குதித்து இறங்குகிற வேளையிலோ, ஒரு வெறும் குத்தை விட்டு அது முடிவதற்குள்ளோ வட்டத்தை ஒளித்துச் சுற்றியாக வேண்டும். எதிராளிக்கு அந்த வெறும் குத்து தெரியும், அதற்குப் பின்னால் பிடி வரும் என்பதும் தெரியும். குதித்துத் தப்பிக்கலாமா என்று அவன் நினைப்பான். அந்த நேரம் பார்த்து நான் பிடிக்காமல் சும்மா நின்றுவிடுவேன். குதித்துவிட்டு அவன் வெறுங்கையோடு இறங்குவான் பாருங்கள், அங்கே பிடிப்பேன்.