இருட்டறைப் பொறிக்கு மறுவாழ்வு



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் முழங்குவதே வழக்கம். அம்மேடையில் நின்று, ஒரு பழம்பொறிக்கு உறுப்பு மாற்றிய கதையை நாங்கள் சொல்ல வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். ரயில்வே பண்டகசாலையில் பேரேடு எழுதிக் காலங்கழிக்கும் குமாஸ்தாக்களுக்கு இதில் என்ன பாத்தியதை என்று கேட்பீர்கள். பாத்தியதை இல்லை, கடமை இருந்தது.

நம் சங்க விழாக்களையெல்லாம் முப்பது ஆண்டுகள் படமெடுத்துத் தந்த பெரியவரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர் இயற்கை எய்திய பின்னர், அவர்தம் துணைவியார் இருட்டறைச் சாமான்கள் அனைத்தையும் சங்கத்துக்கே அளித்தார். அவற்றுள் ஒன்று, பிலிம் கழுவும் சுழற்பொறி. மற்றொன்று ஒரு பிஸ்கட் டப்பா. அதனுள் எடுத்தும் கழுவப்படாத வண்ணச் சுருள்கள் நான்கு இருந்தன. ‘ஆண்டு விழா, 2004’ என்று மேலே அவர் கையெழுத்து. “இவற்றைப் பார்த்துவிட்டால் போதும்” என்றார் அம்மையார்.

அன்னையரே! ரசம் நுரை கட்டும் நேரம் பார்த்து இறக்குபவர்கள் நீங்கள். வண்ணப் பிலிமும் அத்தகைய பக்குவத்தையே வேண்டுவது. டெவலப்பர் என்னும் உருத்துலக்கி 37.8 பாகை செல்சியஸ் சூட்டில் இருத்தல் வேண்டும். அதில் பிலிம் 3 நிமிடம் 15 விநாடி ஊறுதல் வேண்டும். அரைப் பாகை பிசகினாலும் நிறம் மாறிவிடும்.

இப்பக்குவத்தைக் காப்பதற்கே அப்பொறி அமைந்துள்ளது. வெந்நீர்த் தொட்டியில் பிலிம் அடங்கிய உருளைக்கலம் படுத்த நிலையில் மிதந்து சுழலும். மோட்டார் அதனைச் சில சுற்று வலமாகவும் சில சுற்று இடமாகவும் திருப்பும். ஒரே பக்கமாகச் சுழன்றால் படத்தில் கோடுகள் விழுந்துவிடும். சூடேற்றும் கம்பி, சூட்டை அளந்து நிறுத்தும் கருவி, நீரைச் சுற்றிவரச் செய்யும் சிறு பம்பு ஆகியவை உடனிருக்கும். சிக்கனமும் உண்டு. எங்களிடமுள்ள கலத்தை நிறுத்தி வைத்துக் கழுவினால் இரண்டு சுருள்களுக்கு 485 மில்லி லிட்டர் மருந்து வேண்டும். சுழற்றினால் 240 போதும்.

பல ஆண்டுகள் உறங்கிய பொறியை இயக்கியபோது மோட்டார் முனகிவிட்டு நின்றது. மோட்டார் எரிந்துவிட்டது, புதியது வாங்குவோம் என்று முடிவு கட்டினோம். லோகோ ஷெட்டில் பிட்டராக இருக்கும் நம் அன்பர் தடுத்தார். “பாரத்தை இறக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள்” என்றார். கலத்தை எடுத்ததும் மோட்டார் ஓடியது! மின்சாரத்தைத் துண்டித்து, நீரை வடித்துவிட்டுப் பிரித்துப் பார்த்தோம். கலத்தைத் தாங்கும் சிற்றுருளைகள் காய்ந்த மருந்தால் இறுகிக் கிடந்தன. மோட்டாரின் கார்பன் பிரஷ்களும் தேய்ந்திருந்தன. புதிய பிரஷ்களை இட்டோம். உருளைகளை நைலானில் கடைந்து பொருத்தினோம். ரயில்வே பட்டறையில் அன்று; கடைத்தெரு லேத்துக் கடையில், காசு கொடுத்தே கடைந்தோம்! கல மூடியின் ரப்பர் வளையத்தையும் மாற்றி, வெறும் நீரூற்றி ஒழுக்கில்லை என்று கண்டோம்.

இனிமேல்தான் எங்கள் பிழை. பொறி சுழல்வதைக் கண்ட மகிழ்ச்சியில், சோதனையின்றி முதற் சுருளை இட்டோம். ஆழமறியாமல் காலை விட்ட கதையாயிற்று. நெகடிவ் வெளுத்து வந்தது. முகங்கள் நிழல்போல் மங்கின. பிறகே தொட்டி நீரை அளந்தோம். சூடேற்றியின் அருகில் 38 பாகை. மறுகோடியிலோ மூன்று பாகை குறைவு. பம்பு ஓசையிட்டதேயன்றி நீரைத் தள்ளவில்லை. அதன் விசிறிச் சக்கரத்தில் சுண்ணாம்புப் படிவு அடைத்திருந்தது. எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றிப் படிவை நீக்கியபோது, ஓரிதழ் ஒடிந்திருக்கக் கண்டோம்.

அம்மையாரிடம் மறைக்காமல் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, “மூன்று இருக்கின்றனவே, அவசரப்படாமல் செய்யுங்கள்” என்றார். அச்சொல் எங்களைத் திருத்தியது.

சூடு தாங்கும் என்று உறுதிசெய்த வேறொரு பம்பைப் பொருத்தினோம். தொட்டியின் நான்கு மூலைகளிலும் ஒரு மணி நேரம் சூட்டை அளந்து எழுதினோம். காலனிப் பூங்காவில் புதுச் சுருள் ஒன்றை எடுத்துக் கழுவினோம். அது பழுதின்றி வந்த பின்னரே மூன்று சுருள்களையும் தொட்டோம்.

அன்பர்களே! நெடுங்காலம் கிடந்த பிலிம் அது. நிறம் திரிந்திருக்கிறது, புகை படிந்தாற்போல் இருக்கிறது. ஆயினும் முகங்கள் வந்துவிட்டன. இன்று இடிக்கப்பட்டுவிட்ட பழைய கூட்டக் கொட்டகை இருக்கிறது. அன்று ஔவையாராக வேடமிட்ட சிறுமி இருக்கிறாள். இன்று அவர் தம் மகளோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். பெரியவர் மட்டும் எதிலும் இல்லை. அவர் காமிராவின் பின்னால் நின்றவரன்றோ!

குமாஸ்தாக்களாகிய நாங்கள் சொந்தமாகச் சேர்த்தது ஒன்றே. பொறியின் அருகில் ஒரு பேரேடு வைத்துள்ளோம். எவ்வுறுப்பு, என்ன அளவு, எந்நாள் மாற்றியது, மாற்றியபின் எவ்வாறு சோதித்தது என்பவற்றை அதில் எழுதியுள்ளோம். ஒரு நேரத்தில் ஓருறுப்பையே மாற்றுக; சோதித்த பின்னரே அடுத்ததைத் தொடுக; நீரின்றிச் சூடேற்றியை இயக்காதொழிக. இவை முதற்பக்கத்தில் உள்ளன. கெட்டுப்போன சுருளைப் பற்றியும் மறைக்காமல் எழுதியிருக்கிறோம். நாளை நம் பிள்ளைகளுள் ஒருவர் அப்பொறியைத் தொடும்போது அப்பக்கம் துணை நிற்கும்.

படங்கள் மண்டப வாயிலில் வைக்கப்பட்டுள்ளன. அடையாளம் தெரிந்தவர்கள் பெயரெழுதித் தருமாறு வேண்டுகிறோம். பொறுத்தருளிய அம்மையார்க்கு எங்கள் நன்றி. வளர்க சங்கம்! வாழ்க தமிழ்!